அரிதாரக் கொட்டகை இல்லாத கூத்து

இசை நாடக இரசிகரிடம், உங்களுக்கு மறக்காத இரவு எது என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு சுருதி பிசகாமல் அமைந்த இரவைச் சொல்பவர் அபூர்வம். ரதியின் கொண்டை கழன்று விழுந்ததையோ, தவத்திலிருந்த சிவன் நிசமாகவே உறங்கிப்போனதையோதான் சொல்வார். சொல்லி முடிக்குமுன் தானே சிரித்துவிடுவார். காமன் என்ற மதனைச் சிவன் எரிப்பதையும் அவன் மனைவி ரதி அழுவதையும் கதையாக ஆடுவது காமன்கூத்து. இலங்கை மலையகத்தில் உக்குவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வேடத்துக்குள் இருக்கும் ஆளைப் பார்த்துச் சிரிக்கும் இந்த விருப்பம் கலையை இரசிப்பதா, கலையை மறந்து ஊர்வம்பு பேசுவதா?

திரை தொங்கும் அரங்குகளில் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. அங்கே மேடைக்குப் பின்னால் நடப்பது தனி உலகம். அதை எட்டிப் பார்ப்பதே தனிச் சுகம். ஆங்கிலேய நாடகாசிரியர் மைக்கேல் பிரெய்ன் 1982-இல் ‘நாய்சஸ் ஆஃப்’ என்ற நாடகத்தில் இரண்டாம் அங்கத்துக்கு மேடையையே திருப்பிவைத்து, பின்பக்க ரகளையைப் பார்வையாளருக்குக் காட்டினார். நம்மிடம் 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படம் வந்தபோது மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி அதே வேலையைத் தன் பேச்சாலேயே செய்தார். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர் மனோரமா. அந்த வாய்மொழி அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்து மட்டும் வந்திருக்காது. இவை இரண்டுக்கும் மறைப்பு ஒன்று வேண்டும். காமன்கூத்தில் மறைப்பே கிடையாது.

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியையொட்டி வரும் தகனம் வரை ஏறத்தாழ இரண்டு வாரம். ரதியாகவும் மதனாகவும் வேடமிடுபவர்கள் இருவரும் ஆண்கள். தப்பு மேளம் முன்னே போக, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடிவருவார்கள். தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி, கோமாளி என்று ஆட்கள் நாளுக்கு நாள் கூடும். வேடம் கட்டுவதை மறைவாகச் செய்ய இடமும் இல்லை, செய்யவேண்டிய தேவையும் இல்லை. நேற்று ரப்பர் பால் வெட்டப் போனவர்தான் இன்று மதன் என்பதும், ரதி கட்டியிருக்கும் சேலை எந்த லயக் காம்பராவிலிருந்து இரவல் வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒத்திகையை வேடிக்கை பார்த்தே பாட்டுகளை மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளைகள், ஆட்டக்காரர் வரியை விட்டால் எதிரே உட்கார்ந்தபடி எடுத்துக்கொடுக்கும். கூத்து மாஸ்டர் அதற்கும் ஆட்டக்காரரைத்தான் முறைப்பார். இவ்வளவும் கண்ணெதிரே நடக்கும்போது, ஆளைப் பார்த்துச் சிரிப்பது கூத்தைவிட்டு வெளியே போவதாகாது. அரிதாரக் கொட்டகைக்குள் நடக்கவேண்டிய பகிடியெல்லாம் இங்கே கூத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் இது இரசிகனின் வக்காலத்து ஆகிவிடும். உண்மையான சோதனை தகன இரவில் இருக்கிறது. அதுவரை கோமாளிக்கு எல்லை கிடையாது, எமனைக்கூட விடமாட்டார். மதன் எரிந்து ரதியின் ஒப்பாரி தொடங்கியதும் கோமாளி ஒதுங்கிவிடுவார். விடியும் நேரத்தில் ரதியின் மாவு பூசிய கன்னத்தில் தாடி அரும்பியிருப்பது தெளிவாகத் தெரியும். முந்தின நாள் அதைச் சொல்லிச் சிரித்த பெண்களே அப்போது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். முகம் மாறவில்லை, குரலும் கட்டைக் குரல்தான். அழவைப்பது, அந்த ஆள்மேல் இரண்டு வாரமாகச் சேர்ந்திருக்கும் உரிமை. வாசலில் நின்று ஆடும்போது கேலி செய்து, தண்ணீர் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஒருவரின் புருசன் சாகிறான். அதனால்தான் அந்த அழுகைக்குக் கனம் வருகிறது. மூன்றாம் நாள் மதனை உயிர்ப்பிக்கும்போது கிடைக்கும் சந்தோசமும் இதே கணக்கில் வருவதுதான்.

ஆகவே எனது அளவுகோல் இது: ஓர் இசை நாடகத்தில் நகைச்சுவை எவ்வளவு இருக்கிறது என்பதை விட, துயரம் வரும்போது அது எப்படி விலகுகிறது, விலகும்போது எதை விட்டுச்செல்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

இந்த அளவுகோலைத் தமிழகத்து ஸ்பெஷல் நாடகத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்றவை மதுரைப் பக்கத்தில் இன்னும் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கின்றன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்கிறார்கள். ஒத்திகை இல்லை, சில நேரம் மேடையில்தான் முதல் சந்திப்பு. அதனாலேயே பேச்சில் ஒரு மின்சாரம் உண்டு. மேடையோரத்து ஆர்மோனியக்காரரைப் பேச்சுத் துணையாக வைத்துக்கொண்டு பபூன் அடிக்கும் கிண்டலும், நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமும் முழுத்திறன் கேட்கும் வேலைகள். ஆனால் பபூனும் நடனக்காரியும் ஆடும் முன்னிரவு முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்துபோகிறது. சிரிப்பு அங்கே கதைக்குள் போய்ச் சேருவதில்லை, தனியாக நின்றுவிடுகிறது. அந்தக் கிண்டலின் சுமை பெரும்பாலும் நடிகைகளின் மேல்தான் விழுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் 2005-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

மறுமுனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உக்குவளையில் ரயில் ஏறி, கண்டி வழியாகப் பேராதனை போய்விடலாம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக்கொண்டு மேடையேற்றினார்: 1962-இல் ‘கர்ணன் போர்’, 1963-இல் ‘நொண்டி நாடகம்’, 1964-இல் ‘இராவணேசன்’. அதற்கு முன்பே, 1956-இல், எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ மூலம் சிங்கள நாடகத்துக்கு இதே வகையான புத்துயிர் கொடுத்திருந்தார். இரண்டு பேரும் விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் இறுக்கினார்கள். ‘நாடகம’ என்ற சிங்கள மரபுக் கூத்தின் தொடக்கத்தில் வந்துபோகும் கோணங்கி முதலிய வழமைப் பாத்திரங்கள் ‘மனமே’யில் இல்லை. இந்தச் சுருக்கத்தைக் குறைசொல்வது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டமும் பாட்டும் படித்தவர்களின் கண்ணுக்குக் கலையாகத் தெரிந்தது அந்த இறுக்கத்தால்தான். வித்தியானந்தன் அங்கதத்துக்கு இடமுள்ள நொண்டி நாடகத்தையும் எடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. களரியில் ஆடுபவர் யாருடைய மகன் என்று தெரிந்த கூட்டம், மண்டபத்தில் பயணச்சீட்டு வாங்கிய கூட்டமாக மாறியது. ஆளைத் தெரியாதவர்களுக்கு வேடத்தைப் பார்த்து வியக்கத்தான் முடியும். பேராதனை கொடுத்தது பெரிது. அதற்கு விலையும் கொடுத்தது.

காமன்கூத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதுவரை அதற்குச் சலுகை காட்டிவிட்டேன். இசையில் அது ஏழை. மெட்டுகள் சொற்பம், திரும்பத் திரும்ப வருபவை. தப்பு உச்சத்துக்குப் போகும்போது சொல் ஒன்றும் காதில் விழாது. வாய்வழியாக வந்த பாட்டுகளில் பல வரிகள் உருக்குலைந்து, பாடுபவருக்கே பொருள் தெரியாமல் ஒலிக்கின்றன. பாட்டை மட்டும் தராசில் வைத்தால் ‘வள்ளி திருமண’த்தின் பக்கத்தில்கூட இது நிற்காது. குறவன் குறத்திப் பகுதியில் வரும் பகிடிகளில் ஒரு சமூகத்தை இழிவாகக் காட்டுபவை இருக்கின்றன. ஆண் பெண்ணாக ஆடும்போது எழும் சிரிப்பில் பெண்ணைச் சிறுமைப்படுத்தும் பங்கும் உண்டு. மரபு என்ற பெயரில் அவற்றைக் காப்பாற்றத் தேவையில்லை. தூக்கி எறிந்தாலும் கூத்துக்கு ஒரு குறையும் வராது, ஏனென்றால் தகனத்துக்கு அவை எதையும் சேர்ப்பதில்லை.

இன்னொரு மிகைப்புகழ்ச்சியையும் தள்ளவேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கைகட்டி நின்ற மக்கள் காமன் பொட்டலில் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பே எதிர்ப்பு என்று எழுதுவது ஆய்வாளருக்குச் சுலபம். காமனுக்கு அடித்த அதே தப்புத்தான் அதிகாலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்கு எழுப்பவும் அடிக்கப்பட்டது. கோமாளி கிண்டல் செய்த காரணத்தால் கூலியில் ஒரு சதமும் கூடவில்லை. அந்தச் சிரிப்பு மக்களை ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக வைத்திருந்தது. கூத்துக்கு அது போதும்.

எனவே தீர்ப்பு: பாட்டில் ஸ்பெஷல் நாடகத்துக்கும், ஆட்டக்கட்டிலும் அமைப்பிலும் பேராதனைக் கூத்துக்கும் முதலிடம் போகட்டும். சிரிப்பையும் அழுகையையும் ஒரே முகத்தில் சேர்த்துக் காட்டும் நாடக அறிவில் காமன்கூத்து இரண்டையும் மிஞ்சுகிறது. ஆளைப் பார்த்துச் சிரிக்கும் எங்கள் இரசனைக்கும் இதனால் பாதி நியாயம் கிடைக்கிறது. தகனத்துக்கு அழுதவர் ரதியின் தாடியை நினைத்து அடுத்த வருடமும் சிரிக்கலாம். தாடியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் பார்த்தது பாதிக் கூத்துத்தான்.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் முடிவு ஒன்று உண்டு. அது கலைவிழா நடத்துபவர்களுக்குப் பிடிக்காது. காமன்கூத்துக்கு மேடையில் அரைமணி ஒதுக்கும்போது அவர்கள் எப்போதும் தகனத்தைத்தான் கேட்கிறார்கள்; நெருப்பும் வீரபத்திரனும் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் அல்லவா. முன்பின் தெரியாத மதன் எரிவதைப் பார்க்கும் சபை கைதட்டும், அவ்வளவுதான். அரைமணிதான் உண்டென்றால் தகனத்தை விட்டுவிட்டு, ரதியும் மதனும் வாசல் வாசலாக வரும் பகுதியைக் கோமாளியோடு சபைக்கு நடுவில் இறக்கி ஆடவிடலாம். தகனம் பார்க்க விரும்புகிறவர்கள் மாசியில் மூன்றாம் பிறையிலிருந்தே தோட்டத்துக்கு வரட்டும்.