சூசன் மோலர் ஓகின்: குடும்பத்துக்குள் நீதியைக் கேட்ட தத்துவ அறிஞர்

சூசன் மோலர் ஓகின் (ஜூலை 19, 1946 – மார்ச் 3, 2004) நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அரசியல் தத்துவ அறிஞர், பேராசிரியர். அறவியல், பாலினம், நீதிக் கோட்பாடு ஆகிய துறைகளில் எழுதினார். நீதி பற்றிப் பேசும் தத்துவம் வீட்டு வாசலோடு நின்றுவிடுவது ஏன் என்பதே அவர் எழுத்துகள் அனைத்திலும் தொடரும் கேள்வி. 1989ல் வெளிவந்த ‘நீதி, பாலினம், குடும்பம்’ என்ற நூல் அவருடைய முதன்மைப் படைப்பாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கையும் கல்விப் பணியும்

ஓகின் ஆக்லாந்து நகரில் பிறந்தார். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1966ல் இளங்கலைப் பட்டமும், ஆக்ஸ்ஃபோர்டில் 1970ல் எம்.ஃபில். பட்டமும், ஹார்வர்டில் 1975ல் முனைவர் பட்டமும் பெற்றார். ஆக்லாந்து, வாஸர், பிராண்டைஸ், ஹார்வர்டு ஆகிய இடங்களில் கற்பித்தபின் 1990ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு ‘சமூகத்தில் அறவியல்’ என்ற துறைக்கான பேராசிரியர் பொறுப்பை வகித்தார். தம் 57ஆம் வயதில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலமானார்.

முதல் நூல்

1979ல் வெளிவந்த ‘மேற்கத்திய அரசியல் சிந்தனையில் பெண்கள்’ என்ற நூலில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ரூசோ, ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகிய நால்வரையும் ஓகின் ஒரே சோதனைக்கு உட்படுத்தினார். இவர்கள் ‘மனிதன்’ என்று எழுதிய இடங்களில் பெண்ணையும் சேர்த்துப் படித்தால் வாதம் நிற்குமா என்பதுதான் அந்தச் சோதனை. ஆணைப் பற்றிப் பேசும்போது அவன் எதுவாக முடியும் என்று கேட்டவர்கள், பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவள் எதற்குப் பயன்படுவாள் என்று கேட்டார்கள் என்பது அவருடைய முடிவு.

இதில் பிளேட்டோ பற்றிய பகுதி சிறப்பானது. ‘குடியரசு’ நூலில் காவலர் வகுப்பினருக்குத் தனிச்சொத்தும் தனிக்குடும்பமும் இல்லை. அங்கே பெண்களும் ஆட்சியாளர் ஆகலாம். பிற்கால நூலான ‘சட்டங்க’ளில் சொத்தும் குடும்பமும் திரும்பி வருகின்றன, பெண் மறுபடியும் மனைவியாகிறாள். பெண்ணின் இயல்பு பற்றிய பிளேட்டோவின் கருத்து குடும்ப அமைப்பைப் பொறுத்தே மாறுகிறது என்று ஓகின் காட்டினார். பெண்ணுரிமைக்காக 1869ல் நூல் எழுதிய மில்லும்கூட, திருமணமான பெண் வீட்டுப் பொறுப்பையே தேர்ந்தெடுப்பாள் என்று எடுத்துக்கொண்டதை அவர் விட்டுவைக்கவில்லை.

நீதி, பாலினம், குடும்பம்

இரண்டாவது நூல் தம் காலத்துச் சிந்தனையாளர்களை எடுத்துக்கொண்டது. அவர்களில் முதன்மையானவர் ஜான் ரால்ஸ். ஒரு சமூகத்தின் விதிகளை வகுப்பவர்கள், அதில் தாம் ஏழையா செல்வரா, எந்த நிலையில் பிறப்போம் என்று அறியாத ஓர் ‘அறியாமைத் திரை’க்குப் பின்னால் இருந்து வகுத்தால் அவை நியாயமாக அமையும் என்றார் ரால்ஸ் (1971). ஆனால் அத்திரைக்குப் பின் இருப்பவர்களைக் குடும்பத் தலைவர்களாக அவர் கருதினார். தலைவர்கள் மட்டும் கூடிப் பேசினால் குடும்பத்துக்குள் நடக்கும் அநீதி பேச்சுக்கே வராது என்றார் ஓகின். ஆணா பெண்ணா என்பதும் திரையால் மறைக்கப்பட்டால், வீட்டு வேலை யாருக்கு, வருமானம் யார் கையில் என்பதும் நீதியின் கேள்விகளாகிவிடும்.

ஓகின் ரால்ஸைத் தூக்கி எறியவில்லை. ரால்ஸ் சொன்னதை ரால்ஸ் நின்ற இடத்துக்கும் அப்பால் கொண்டுசென்றார். 1982ல் கேரல் கில்லிகன் எழுதிய நூலுக்குப்பின், நீதி ஆண்களின் அறம், பரிவு பெண்களின் அறம் என்ற பிரிவினை பரவலாகப் பேசப்பட்டது. ஓகின் அதை ஏற்கவில்லை. திரைக்குப் பின் இருப்பவர் ஒவ்வொருவருடைய நிலையிலும் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறர்மேல் உணர்வு வேண்டும். எனவே நீதிக்குள்ளேயே பரிவும் இருக்கிறது என்பது அவர் வாதம்.

தன் உழைப்பால் உருவானது தனக்கே சொந்தம் என்ற ராபர்ட் நோசிக்கின் கொள்கைக்கு அவர் கொடுத்த பதில் புகழ்பெற்றது. அப்படியானால் பிள்ளைகள் எல்லாரும் பெற்ற தாய்க்கே சொந்தம். யாரும் தமக்குத் தாமே உரிமையாளராக இருக்க முடியாது. கொள்கை தன்னையே விழுங்கிவிடுகிறது. பிள்ளையைச் சுமந்து பெறும் உழைப்பை நோசிக் நினைத்தே பார்க்காததால் நேர்ந்த கோளாறு இது.

அன்பு இருக்கும் இடத்தில் நீதி எதற்கு என்று கேட்டவர்களுக்கும் அவர் பதில் சொன்னார். அன்பு நீதியைவிட உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த அன்புக்கு அடித்தளமாக நீதி இருக்க வேண்டும். குழந்தை நியாயம் என்பதை முதலில் பார்ப்பது வீட்டில்தான். ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் ஓயாமல் உழைப்பதை நாள்தோறும் பார்க்கும் குழந்தை எந்தப் பாடத்தைக் கற்கும்? நீதியுணர்வு குடும்பத்தில் தொடங்குகிறது என்று ரால்ஸும் எழுதியிருந்தார். ஆனால் அந்தக் குடும்பம் நீதியானதா என்று அவர் ஆராயவில்லை.

நூலின் மிக வலுவான பகுதி, திருமணம் பெண்ணை எப்படிப் படிப்படியாகப் பலவீனப்படுத்துகிறது என்ற விளக்கம். பிள்ளை வளர்ப்பு தன் பொறுப்பு என்று எதிர்பார்க்கும் பெண் அதற்கேற்ற படிப்பையும் வேலையையும் தேடுகிறாள். ஆகவே சம்பளம் குறைகிறது. சம்பளம் குறைந்தவர் வேலையை விடுவதே இருவருக்கும் லாபம் என்று தோன்றுகிறது. வேலையை விட்டபின் சார்பு கூடுகிறது. கடைசியில், பிரிந்துபோனால் யாருக்கு இழப்பு குறைவோ அவர் சொல்லே வீட்டில் எடுபடுகிறது. வெளியேறும் வாய்ப்புக்கும் குரலுக்கும் உள்ள உறவு பற்றிப் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதியதை ஓகின் இவ்வாறு இல்லறத்துக்குப் பொருத்தினார்.

அவர் தீர்வுகளையும் முன்வைத்தார். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்தில் சம்பளத்தை நிறுவனமே சரிபாதியாகப் பிரித்து இருவருக்கும் தர வேண்டும். பெற்றோர் இருவருக்கும் விடுப்பு வேண்டும். பணியிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். மணமுறிவுக்குப் பின் இரு வீட்டாரின் வாழ்க்கைத் தரமும் சமமாக இருக்க வேண்டும்.

பன்மைப்பண்பாடு பற்றிய விவாதம்

1997ல் எழுதி, 1999ல் பலருடைய மறுமொழிகளோடு நூலான ‘பன்மைப்பண்பாட்டியம் பெண்களுக்குக் கேடா?’ என்ற கட்டுரை அவரைக் கல்வியுலகுக்கு வெளியேயும் அறிமுகப்படுத்தியது. சிறுபான்மைக் குழுக்களுக்குத் தனி உரிமைகள் தரும்போது, குழுவுக்குள் பெண்களின் நிலையைப் பார்க்காமல் தரலாகாது என்றார். குழுவின் சார்பில் பேச வருபவர்கள் பெரும்பாலும் மூத்த ஆண்கள். இளம்பெண்களின் குரலும் பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

பிடிக்காதவர் குழுவைவிட்டு வெளியேறலாமே என்ற வாதத்துக்கு 2002ல் ஒரு கட்டுரையில் பதிலளித்தார். குறைவாகப் படிக்கவைக்கப்பட்டு, இளவயதில் மணமுடிக்கப்பட்டு, குடும்பமே உலகம் என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு வெளியேறும் உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கிறது.

விமர்சனங்கள்

ரால்ஸ் 1997ல் ஓகினின் கேள்வியை எடுத்துக்கொண்டார். நீதிக் கொள்கைகள் குடும்பத்துக்கு எல்லை வகுக்கும். ஆனால் தேவாலயத்தின் உள்விவகாரத்தை நடத்தாததுபோல் குடும்பத்தின் உள்வாழ்வையும் அவை நேரடியாக நடத்தா என்றார். இந்த ஒப்புமை முழுதாகப் பொருந்தவில்லை. தேவாலயத்தில் சேர்வதும் விலகுவதும் வயதுவந்தவர் விருப்பம். குழந்தை தன் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை.

புள்ளிவிவரத்தில் ஒரு குறை உண்டு. மணமுறிவுக்குப் பின் பெண்களின் வாழ்க்கைத் தரம் 73 சதவீதம் வீழ்கிறது, ஆண்களுடையது 42 சதவீதம் உயர்கிறது என்ற லெனோர் வெய்ட்ஸ்மனின் கலிபோர்னியா ஆய்வு (1985) ஓகினின் நூலில் எடுத்தாளப்பட்டது. அதே தரவுகளை ரிச்சர்ட் பீட்டர்சன் மறுபடியும் கணக்கிட்டபோது (1996) வீழ்ச்சி 27, உயர்வு 10 சதவீதம் என்று வந்தது. ஏற்றத்தாழ்வு உண்மை, அதன் அளவு முன்பு சொன்னதைவிடக் குறைவு.

இன்னொரு விமர்சனம் ஆழமானது. ஓகின் வரைந்த குடும்பம் பெரும்பாலும் கணவன் சம்பாதிக்கும் நடுத்தர வெள்ளையர் குடும்பம் என்று ஜேன் ஃப்ளாக்ஸ் போன்றோர் வாதிட்டனர். ஏழை நாடுகளின் பெண்கள் படும் துன்பம் அதே வகையானது, அளவில்தான் பெரிது என்று 1994ல் ஓகின் எழுதியதும் இந்த மறுப்பைத் தூண்டியது. பன்மைப்பண்பாடு பற்றிய கட்டுரைக்கு மறுமொழி எழுதியவர்களில் அசீசா அல்-ஹிப்ரி, பிக்கு பாரெக் ஆகியோர் பிற பண்பாடுகளை அவர் வெளியிலிருந்து பார்ப்பதாகக் குறை கூறினர். சமயம் பெண்களுக்கும் பொருளுள்ளது என்பதை அவர் எடைபோடவில்லை என்றார் மார்த்தா நுஸ்பாம்.

மதிப்பீடு

ஓகினின் இரு பெரும் விவாதங்களும் தனித்தனியானவையாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: விலகிப்போக யாரால் முடியும்? மணவாழ்வில் மனைவிக்கும், குழுவில் மகளுக்கும் அந்த வாய்ப்பு குறைவு. அதனாலேயே அவர்கள் குரல் சன்னமாகிறது. இந்தத் தொடர்ச்சியைக் கவனித்தால், 1997 கட்டுரையை வெறும் பண்பாட்டு வெறுப்பு என்று ஒதுக்க இயலாது.

அதே சமயம் இரண்டு எழுத்துகளும் ஒரே தரத்தவை அல்ல. குடும்பம் பற்றி எழுதும்போது தமக்கு நன்கு தெரிந்த வாழ்வை அவர் படிப்படியாக அவிழ்த்துக் காட்டுகிறார். பிற பண்பாடுகள் பற்றி எழுதும்போது பலவற்றைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார்; அங்கே பெண்கள் தாமே நடத்திய மாற்றங்களுக்குப் போதிய இடம் தரவில்லை. இளம்பெண்களைக் கேளுங்கள் என்று பிறருக்குச் சொன்ன நெறியை அந்தக் கட்டுரை தானே முழுமையாகக் கைக்கொண்டிருந்தால் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

ஆயினும் அவருக்குப்பின் நீதி பற்றி எழுதுபவர் எவரும் குடும்பத்தைத் தனிப்பட்ட விவகாரம் என்று சொல்லி எளிதில் கடந்துவிட முடிவதில்லை. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தில் பெண்ணிய அரசியல் கோட்பாட்டுக்கான ஒரு விருது அவர் பெயரையும் ஐரிஸ் மரியன் யங் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது. புதிதாகப் படிக்க விரும்பும் மாணவர்கள் ‘நீதி, பாலினம், குடும்பம்’ நூலின் மணவாழ்வு பற்றிய இயலிலிருந்து தொடங்கலாம். தத்துவப் பயிற்சி இல்லாதவருக்கும் அது விளங்கும்.