அட்டவணைக்குப் பின்வாங்கத் தெரியாது

கம்பெனி கொடுக்கிற போன்களுக்குச் செயலிகளை அனுப்ப கூகுள் பிளேதான் வேணும்னு இல்லை. எஃப்-டிராய்டின் சர்வர் கருவிகளை வைத்துச் சொந்தக் களஞ்சியம் ஒன்றை யாரும் நடத்தலாம். ஒரு ஃபோல்டரில் ஏபிகே கோப்புகளைப் போட்டு 'எஃப்டிராய்ட் அப்டேட்' கட்டளையை ஓட்டினால் போதும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, பேக்கேஜ் பெயர், வெர்ஷன் கோடு, கேட்கிற அனுமதிகள், எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எல்லாவற்றையும் ஜேசான் அட்டவணையாக எழுதி, கையொப்பமும் இட்டுவிடும்.

முதலில் பாராட்டு. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும். நேர முத்திரை இருப்பதால், பழைய அட்டவணையைத் திரும்ப நீட்டி ஏமாத்துறதும் கஷ்டம்.

என் குறை வேற இடத்தில். வீடு வீடா மீட்டர் ரீடிங் எடுக்கிற ஒருத்தரோட போனுக்கு 41ஆம் வெர்ஷன் போயிடுச்சு, அதில் கணக்குத் தப்புன்னு வச்சுக்குவோம். நிர்வாகி பதறிப்போய் அந்த ஏபிகேயை அழித்து, அட்டவணையைப் புதிதாக உருவாக்குவார். அட்டவணை சுத்தமாயிடும். போன் ஆகாது. 41 அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் 40-ஐ நிறுவ ஆண்ட்ராய்ட் சாதாரணமாக விடாது. வெர்ஷன் கோடு குறையக் கூடாது. செயலியை நீக்கிட்டுப் போடலாம். ஆனா சிக்னல் இல்லாத தெருவில் குறிச்சு, இன்னும் சர்வருக்குப் போகாத ரீடிங் எல்லாம் அதோட போயிடும். அவர் திரும்ப அதே மாடிப்படிகளை ஏறணும்.

நடைமுறையில் இருக்கிற வழி, 40-இன் மூலநிரலுக்கே 42 என்று எண் கொடுத்து அனுப்புவது. 41 சேமித்த தரவை அது படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, பின்வாங்குவதைக்கூட முன்னேற்றம்னு பேர் மாத்தித்தான் அனுப்ப முடியும்.

ஒரு வரியை அழிப்பது வேற, 'வாபஸ் வாங்கிட்டோம்' என்று சொல்வது வேற. பாதுகாப்பு ஓட்டை உள்ள வெர்ஷனுக்கு எஃப்-டிராய்டில் எச்சரிக்கைக் குறி உண்டு. கம்பெனிக் களஞ்சியத்தில் கணக்குத் தப்புக்கும் அதே மரியாதை வேணும் என்பது என் கட்சி. 42-இன் மாற்றக் குறிப்பில் வழக்கம்போல 'சிறு திருத்தங்கள்' என்று எழுதாமல், '41-ல் கணக்குத் தப்பு, அதில் எடுத்த ரீடிங்கை ஒருதரம் சரிபாருங்க' என்று எழுதலாமே. போனைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரிதான் தேவை.