எட்டாவதோடு நின்றவர்களின் பக்கம்

பள்ளிக்கூட நினைவுகள் என்று தமிழில் எழுதப்படுகிறவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. புளியமரம், நெல்லிக்காய் விற்கும் கிழவி, அடித்து அடித்தே 'ஆளாக்கிவிட்ட' வாத்தியார். எழுதுகிறவர் கண் கலங்குவார், படிக்கிறவரும் கலங்குவார். நம்ம சனங்களுக்கு இந்த ஏக்கம் எங்கிருந்து வரும்? ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்கிற மூணு வருசமும், தன்னைப் பற்றி ஊரும் அரசும் என்ன எழுதி வைத்திருக்கின்றன என்பது ஒரு தலித் பிள்ளைக்குத் தெரிய வருகிற வருசங்கள்.

1992-இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இதைப் போட்டு உடைத்தது. ஏழாவது படிக்கிற பிள்ளை பள்ளித் தென்னை மரத்திலேறி விளையாடியதில் ஒரு காய் விழுகிறது. அவ்வளவுதான். மறுநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் திருட்டுப் பட்டம். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. சாதியே சாட்சி. பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் மறுபடி வகுப்பு. செய்யாத குற்றத்துக்குச் சிபாரிசுச் சீட்டு! பள்ளியும் கோயிலும் ஒன்றுக்கொன்று எப்படி முட்டுக்கொடுத்து நிற்கின்றன என்பதை அந்தச் சில பக்கங்கள் காட்டிவிடுகின்றன.

அதே புதுப்பட்டிக்காரரான ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) சாமியார்களையும் பள்ளியையும் பகடி செய்து சிரித்தார். கே.ஏ. குணசேகரன் 'வடு'வில் (2005) இளையான்குடிப் பள்ளியைப் பதிவு செய்தார். உதவித்தொகை வாங்கச் சாதியைச் சொல்லி எழுந்து நிற்கவேண்டிய கொடுமை அதில் இருக்கிறது. விமர்சகர்கள் மூன்றையும் 'வலி' என்ற ஒத்தைச் சொல்லில் கட்டிப் பரணில் வைத்தார்கள். சிரிப்பும் சேட்டையும் கோபமும் அவர்கள் கண்ணில் படவில்லை.

என் கேள்வி இன்னொன்று. மூவரும் எட்டாவதைத் தாண்டியவர்கள். பாமா ஆசிரியர், மற்ற இருவரும் பேராசிரியர்கள். தாண்டியதால்தான் எழுத முடிந்தது. அப்படியானால் தாண்டாதவர்கள்?

மேலூர்ப் பக்கம் என் ஊர். 1997 ஜூன் 30-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து தோழர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குச் சில வருசம் கழித்துத்தான் நான் ஆறாவது போனேன். வகுப்பில் யாரும் அதைப் பேசமாட்டார்கள், ஆனால் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதில் அது இருந்தது. உதவித்தொகைப் பாரம் வந்தால் வாத்தியார் சொல்லுவார்: "எஸ்ஸி பிள்ளைகள்லாம் எந்திரிங்க." எந்திரிப்போம். ஒருத்தி மட்டும் எந்திரிக்க மாட்டாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பாள். "அந்தக் காசு வேணாம் போ" என்பாள் எங்களிடம். எட்டாவதோடு நின்று பஞ்சாலைக்குப் போனாள். அவளோடு சேர்ந்து நின்ற பையன்கள் கல் குவாரிக்குப் போனார்கள்.

பதிவேட்டில் அவள் 'இடைநின்றவள்'. எந்திரிக்காமல் உட்கார்ந்தாளே, அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? எந்தத் தன்வரலாற்றில் இருக்கிறது? படித்து மேலே வந்தவர் கதையை மட்டும் தலித் தன்வரலாறு என்று கொண்டாடினால், 'கஷ்டப்பட்டுப் படிச்சா முன்னேறலாம்' என்கிற மேல்சாதிப் புத்திமதிக்கு நாமே உதாரணம் எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகும்.

இந்த இடத்தில்தான் பாமாவின் 'சங்கதி'யை (1994) முக்கியமாகப் பார்க்கிறேன். அதில் தலைவி கிடையாது. பாட்டி பேசுகிறாள், பக்கத்து வீட்டுக்காரி பேசுகிறாள். படிக்கிற வயசில் தீப்பெட்டி ஆபிசுக்குப் போகிற மைக்கண்ணி வருகிறாள். இது நாவலா, கட்டுரையா என்று இலக்கணம் கேட்டவர்கள் உண்டு. 'நான்' என்பது 'நாங்க' ஆகும்போது வடிவம் உடையத்தான் செய்யும். 'கருக்கு' விட்டுவந்த பிள்ளைகளைத் தேடி 'சங்கதி' திரும்பிப் போகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கணும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், கூடப் படித்த பையன்களே. அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, வகுப்பில் சாதி சொல்லி அழைக்கக்கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்துச் சொல்லக்கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. எங்க வகுப்பில் அவள் எந்திரிக்காமல் சொன்னதும் இதைத்தான். அவளுக்கு மேடையும் இல்லை, பேனாவும் இல்லை.

ஆகவே தோழர்களே, நம் பத்திரிகைகள் இனி எழுதத் தெரிந்தவர்களின் இளமையை மட்டும் அச்சேற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பஞ்சாலையில், குவாரியில், சித்தாள் வேலையில் இருக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து, 'ஏன் நின்னீங்க?' என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே எழுதி வாங்குவோம். மொழியைத் திருத்த வேண்டாம். நின்றதற்கு அவர்களிடம் இருக்கிற காரணங்கள்தான் இந்தப் பள்ளிகளைப் பற்றிய நிஜமான விமர்சனம்.