ஓட்டை போட்டதும் ஓட்டை விழுந்ததும்

'பெர்ஃபொரேட்டட்' என்ற ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் 'துளையுள்ள' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தச் சௌகரியத்தைக் கேள்வி கேட்டாக வேண்டும். 'ஊடாகத் துளைத்தல்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. வினை என்றால் செய்தவர் உண்டு. பெயரடை ஆனதும் அவர் மறைந்துபோகிறார். 1854இல் பிரிட்டனில் அஞ்சல்தலை ஓரங்களில் இயந்திரம் வரிசையாகப் போட்ட துளைக்கும் இதே சொல்தான். அல்சர் முற்றித் தானாகப் பொத்துக்கொண்ட குடலுக்கும் இதே சொல்தான். நம்முடைய 'துளையுள்ள' இன்னும் ஒருபடி மேலே போய், துளையைப் பொருளின் பிறவிக்குணமாகவே ஆக்கிவிடுகிறது.

விருத்தாசலம் செராமிக் தொழிலை வைத்து இதை யோசிக்கலாம். அங்கே செய்கிற பீங்கான் ஃபியூஸ் கேரியரில் கம்பி போகவும் திருகாணி பூட்டவும் துளை வேண்டும். மண் பச்சையாக இருக்கும்போதே அதைப் போட்டாக வேண்டும். சுட்ட பிறகு துளைக்கப்போனால் விரிசல் விடும். காயும்போதும் சூளையிலும் மண் சுருங்கும். அதனால் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிசாகவே போட வேண்டும். அத்தனைக் கணக்கும் கைப்பழக்கமும் அந்தத் துளைக்குள் இருக்கிறது. அதே சூளையில் மண்ணிலிருந்து வாயு கிளம்பி, கிளேஸ் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அது பழுது. முன்னது உழைப்பு. இரண்டையும் 'துளையுள்ள பீங்கான்' என்று எழுதினால் காணாமல் போவது உழைப்புதான்.

பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் ஏமாறுவதில்லை. 'ஓட்டை போட்டது' வேறு, 'ஓட்டை விழுந்தது' வேறு. 'காது குத்தின பிள்ளை' என்றால் மாமன் மடியும் ஆசாரியின் கையும் கூடவே வருகின்றன. 'துளையுள்ள காது' என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள்.

இது வெறும் அகராதிச் சண்டை அல்ல. 2018 மே மாதம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். இப்படிப்பட்ட சாவுகளுக்கென்று நம் செய்தித்தமிழ் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது: 'குண்டு பாய்ந்து பலி'. பாய்வது குண்டு, விசையை இழுத்த விரலுக்கு வாக்கியத்தில் இடமே கிடையாது. 'குண்டு துளைத்த உடல்' என்பதும் அந்த ரகம்தான்.

மொழிபெயர்க்கிறவர்களும் துண்டறிக்கை எழுதுகிற தோழர்களும் பெயரடையைத் தொடும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: இந்த ஓட்டை விழுந்ததா, போட்டதா? போட்டது என்றால், யாரு போட்டது?