பெருமை, தாழ்மை: தமிழ் பைபிளில் இரண்டு சொற்கள்

"பிள்ளையால எங்களுக்குப் பெருமை" என்றால் எங்க ராயகிரிப் பக்கம் அது சந்தோஷமான பேச்சு. திருக்குறளின் 98-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே பெருமைதான். பெருமை உள்ளவன் பணிந்து நடப்பான் என்கிறார் வள்ளுவர். ஆனால் ஹென்றி பவர் தலைமையிலான குழு மொழிபெயர்த்து 1871-இல் வெளிவந்த பைபிளில் யாக்கோபு 4:6-ஐ எடுத்துப் பாருங்க. பெருமையுள்ளவர்களைத்தான் அங்கே தேவன் எதிர்த்து நிற்கிறார்!

வேறு சொல் கிடைக்காமல் இல்லை. அதே மொழிபெயர்ப்பில் லூக்கா 1:51-இலும் தானியேல் 4:37-இலும் 'அகந்தை' என்று சரியாகவே வருது. இருந்தாலும் இது சின்னச் சிக்கல்தான். இடம் பார்த்து வாசகர் புரிஞ்சுக்குவார்.

பெரிய சிக்கல் 'தாழ்மை'. லூக்கா 1:48-இல் மரியாள் தன்னுடைய தாழ்மையைப் பற்றிப் பாடுகிறாள். அது குணம் இல்லை, நிலைமை. ஊர் உலகம் கண்டுகொள்ளாத ஏழைப் பெண்ணின் நிலைமை. யாக்கோபு 4:6-இல் அதே சொல் ஒரு நற்குணம். கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல்தான், அதனால் மொழிபெயர்த்தவர்களை முழுசா குறை சொல்ல முடியாது. ஆனா தமிழ்நாட்டில் தாழ்மைக்குப் பக்கத்து வீட்டுச் சொல் 'தாழ்ந்த சாதி' ஆச்சே. நிலைமையையும் குணத்தையும் ஒண்ணாக்கினால், கீழே வைக்கப்பட்டவனிடம் "அங்கேயே இரு, அதுதான் புண்ணியம்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 1995-இல் வந்த திருவிவிலியம் லூக்கா 1:48-இல் 'தாழ்நிலை' என்று பிரித்துக் காட்டியது. எனக்கு அது நல்ல முடிவாகப் படுது.

பைபிளில் கடவுள் நேரடியாகக் குறுக்கிட்டு அகந்தையை அடக்கும் இடங்களை எடுத்துக்கோங்க. பார்வோன், சனகெரிப், உசியா, ஏரோது. எல்லாரும் ராஜாக்கள். நேபுகாத்நேச்சார் கதையில் (தானியேல் 4) மாடு மாதிரி புல் தின்றதும், பறவை நகம் மாதிரி நகம் வளர்ந்ததும் எல்லாருக்கும் தெரியும். 27-ஆம் வசனத்தை யாரும் அவ்வளவாகப் பேசுறதில்லை. தண்டனையைத் தவிர்க்க தானியேல் சொன்ன வழி தலைகுனிந்து நிற்பது அல்ல. நீதி செய், ஏழைக்கு இரங்கு என்பதே. அதுக்குப் பன்னிரண்டு மாசம் அவகாசமும் இருந்தது. அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டு "நான் கட்டிய பாபிலோன்" என்று ராஜா பேசுவது அதுக்கு அப்புறம்தான். ஆக, இந்தக் கதையில் அகந்தை என்பது அதிகாரம் உள்ளவன் ஏழையைப் பார்க்க மறுப்பது.

இப்போ இதை வைத்துத் தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தைப் பாருங்க. மார்பை மறைத்த நாடார் பெண்களின் துணியைத் தெருவிலும் சந்தையிலும் கிழித்தார்கள். கிழித்தவர்கள் கண்ணுக்கு அந்தப் பெண்கள் அடக்கம் இல்லாதவர்கள். 1829 ஆணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது, தோள்சீலை கூடாது என்றது. அடுத்த முப்பது வருஷமும் சண்டை ஓயவில்லை. கடைசியில் குறுக்கிட்டது வானத்துச் சத்தம் இல்லை, சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தம். 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது.