யாருக்காக உலை வைக்கிறார்கள்?

"அது நமக்கான கடை இல்ல மச்சி, போகாத."

சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு நண்பன் சொன்னது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரிய உணவகத்துக்குப் போய்க் கடுப்பாகித் திரும்பியிருந்தான். மெனு கார்டில் படம் கிடையாது, ஆங்கிலம் பேருக்குத்தான். நெட்ஃப்ளிக்ஸில் பார்த்த எதைக் கேட்டாலும் இல்லை என்று தலையாட்டினார்களாம். அவன் குறையாகச் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குச் சிபாரிசாகக் கேட்டது. அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

அந்த நெடுஞ்சாலையில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். டயர் கடை, பரோட்டாக் கடை வரிசையில் திடீரென்று வட்டமும் கோடுமாக ஹங்குல் எழுத்தில் ஒரு பலகை வரும். 1996இல் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை. பின்னாலேயே உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள், அவற்றோடு என்ஜினியர்கள், மேலாளர்கள், சிலருடைய குடும்பங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் அந்த மனிதர்களுக்கு ராத்திரி சாப்பாடு வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பிடிஎஸ் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே சென்னையில் கொரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவை பசிக்காக வந்தவை. ரசிகர்கள் பிறகுதான் வந்தோம்.

நான் போன அன்று பக்கத்து மேசையில் கம்பெனிச் சட்டையோடு நாலு பேர். அதிகம் பேசவில்லை. பன்றி வயிற்றுக்கறி மேசைமேலேயே வெந்தது, ஒருவர் அதைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்காமலே சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, முளைகட்டிய பயறு, கீரை எல்லாம் வந்தன. தீர்ந்தால் திரும்ப வந்தது, காசு கிடையாது. நம்ம ஊர் பந்தி மாதிரி. நான் தொயன்ஜாங் சூப் வாங்கினேன், புளிக்கவைத்த சோயாவில் செய்வது. மழைக்காலத்தில் ரொம்ப நாள் பூட்டிவைத்த அறையின் வாசம் அடித்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஐந்து நட்சத்திரம் போட்டேன். "ஆத்தென்டிக்" என்றும் எழுதினேன்.

இந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எனக்குப் பிடிக்காத ஒன்றை எந்தத் தைரியத்தில் அசல் என்று சான்றிதழ் கொடுத்தேன்? கொரியாவுக்கு நான் போனதில்லை. ஒப்பிட என் நாக்கில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்த நாலு பேர்.

சாப்பாட்டு விமர்சனம் எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் அசல் என்ற சொல்லை ஏதோ பழைய செய்முறை ஒன்று பெட்டியில் பூட்டியிருப்பதுபோலப் பயன்படுத்துகிறார்கள். கொரியச் சமையலை எடுத்தால் அந்தப் பெட்டி காலி. கிம்ச்சியின் சிவப்புக்குக் காரணமான மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்கு முன் அது அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. கறுப்பு நூடுல்ஸான ஜஜாங்மியோன், இஞ்சியோன் துறைமுகத்துக்குப் பிழைக்க வந்த சீனர்கள் கொண்டுவந்தது. இன்று அதற்கு அங்கே ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. புதே ஜிகே என்றால் "படைமுகாம் குழம்பு". 1950களில் போர் ஓய்ந்த பின் அமெரிக்க முகாம்களிலிருந்து வந்த டின் இறைச்சியையும் சாஸேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவைத்து வயிற்றைக் கழுவினார்கள். இன்று உய்ஜோங்பு நகரத்தில் அதற்கென்றே ஒரு தெரு. பஞ்சத்தில் பிறந்த குழம்பு, இரண்டு தலைமுறையில் பாரம்பரியமாகிவிட்டது.

'பாரசைட்' (2019) பார்த்தவர்களுக்கு அந்த நூடுல்ஸ் ஞாபகம் இருக்கும். இரண்டு மலிவான பாக்கெட்டைக் கலந்து செய்யும் சாதாரணப் பண்டம். பணக்கார வீட்டம்மா அதன்மேல் விலை உயர்ந்த மாட்டிறைச்சி போடச் சொல்கிறாள். யார் சமைக்கிறார்கள், யாருக்காக என்ற கேள்வியைப் போங் ஜூன் ஹோ ஒரு கிண்ணத்துக்குள் அடைத்துவிட்டார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டிய அளவுகோல் என்று நினைக்கிறேன்.

நம்ம பக்கத்து உதாரணம் பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விசைத்தறி ஊர் அது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான் கணக்கு. சென்னையில் இதே பெயரில் கரம் மசாலாக் குழம்பு கொடுக்கிறார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, அது அங்கே சாப்பிடுகிறவர்களுக்குச் செய்தது. கோபம் வருவது "அசல் கொங்கு" என்று பலகை வைக்கும்போது. அந்தப் பலகையில் பல சமயம் ஒரு சாதிப் பெயரும் சேர்ந்தே இருக்கும். அப்போது அசல் என்பது ருசியைச் சொல்கிறதா, பிறப்பைச் சொல்கிறதா?

இந்த அளவுகோலை வைத்தால் சீஸ் வழியும் கார்ன் டாக் விற்கும் கொரியன் கஃபேக்களையும் நான் திட்டமாட்டேன். நாடகம் பார்த்து அழுத பதினாறு வயதுப் பெண் அங்கே வருகிறாள், அவளுக்காகவே செய்கிறார்கள். அந்த அளவில் நேர்மையான கடை. போலி என்பது வேறு: ஒருவருக்குச் சமைத்துக்கொண்டு இன்னொருவர் பேரைச் சொல்வது.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன், வீட்டிலிருந்து வேலை என்று சாமளாபுரத்துக்கே திரும்பி வந்த பிறகு ஒரு வருஷம் எதையும் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் தறிப்பட்டறைகள் உண்டு, சுற்றிலும் நூல் மில்லும் பனியன் கம்பெனிகளும். வேலை செய்கிறவர்களில் ஒடிசா, பீகார், வங்கம் என்று வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மெஸ். எழுதிய பலகைகூட இல்லை. தினமும் பைக்கில் அதைத் தாண்டிப்போய் வந்தேன். கொரியச் சாப்பாட்டுக்கு அறுபது கிலோமீட்டர் போய்வந்தவனுக்கு இது கண்ணில் படவில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவன் உள்ளே போனேன். வெளியே வந்ததும் பக்கத்துப் பட்டறை அண்ணன் கேட்டார்: "அங்கெல்லாம் எதுக்குங்க தம்பி போறீங்க? அது அவுங்க கடைங்க."

நண்பன் சொன்ன அதே வார்த்தை. அங்கே அது என்னை இழுத்தது, இங்கே என்னை ஒரு வருஷம் தடுத்திருந்தது. காரணம் ருசியில் இல்லை. கொரியாக்காரர் முதலாளி நாட்டுக்காரர். அவருடைய ஏக்கம் நமக்குக் கலாச்சாரமாகத் தெரிகிறது. தறிக்காரப் பையனின் ஏக்கம் வெறும் பசியாகத் தெரிகிறது. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஸ்ரீபெரும்புதூர் என்றாலே எனக்கு அதுவரை கிம்ச்சி மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கிறது என்பது உறைத்தது.

அந்த மெஸ்ஸில் எனக்குக் கிடைத்தது பகாளா. சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்தது, மேலே பச்சை மிளகாயும் வெங்காயமும், ஓரமாக மசித்த உருளைக்கிழங்கு. ஒடியாக்காரர்கள் மார்ச் 20ஐ இதற்கான நாளாகவே கொண்டாடுகிறார்கள். என் அம்முச்சி தறிக்குப் போகும் முன் குடித்ததும் இதுதான், பேர்தான் வேற: பழையசோறு. எங்கள் வீட்டில் அதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. காஸ் அடுப்பும் ஃப்ரிட்ஜும் வந்த பிறகு அது ஏழைச் சாப்பாடு ஆகிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். பரிமாறும் பையன் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவனுக்கு அடுத்த ஷிஃப்ட் ஆட்களைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரம் எதுவும் போடவில்லை. அந்தப் பழைய ஐந்து நட்சத்திரத்தையும் அழித்துவிட்டேன். அந்தச் சூப்பை மட்டும் இன்னொரு தடவை குடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், இந்தத் தடவை முழுசாக.