இகழ்ச்சி ஒரு நோயா?

கொள்ளைநோய்க் காலத்தில் நூல்கள் பிறப்பது புதிதன்று. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பெரும் பிளேக்கின்போது ஹலபில் இப்னுல் வர்தீ எழுதினார்; அடுத்து கிரனாடாவில் இப்னுல் கத்தீப் எழுதினார். முன்னவர் தாம் வருணித்த நோயாலேயே 1349இல் மறைந்தார். நம் காலத்துக் கொரோனாவும் இந்த வழக்கிலிருந்து தப்பவில்லை. ஆங்கிலத்தில் அது பற்றி முந்தி வெளிவந்த இலக்கிய நூல்களுள் ஒன்று, ஸேடி ஸ்மித் எழுதிய 'இன்டிமேஷன்ஸ்'. ஆறே கட்டுரைகள், ஏறத்தாழ நூறு பக்கங்கள். முன்னுரை 2020 மே மாத இறுதியில் எழுதப்பெற்று, ஜூலையில் நூல் வெளிவந்துவிட்டது.

ஆசிரியை ஜமைக்கத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் 1975இல் இலண்டனில் பிறந்தவர். 2000இல் வந்த 'ஒயிட் டீத்' நாவலில் இலண்டன்வாழ் வங்காள முஸ்லிம் குடும்பம் ஒன்றை உயிரோடு உலவவிட்டவர் என்பதால் நம் வாசகர் சிலருக்கு அறிமுகமானவராகவே இருப்பார். நோய் வந்தபோது நியூயார்க்கில் பேராசிரியை. பின்னர் இலண்டன் திரும்பினார்.

எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரத்தன அல்ல. நகரத் தோட்டத்து மலர்களைக் கண்டு பெண்மை பற்றிச் சிந்திக்கும் முதற்கட்டுரை அழகியது, ஆயினும் மெல்லியது. எழுதுவது எதற்காக என்று வினவும் கட்டுரை எழுத்தாளர்களுக்கே சுவைக்கும். ஆனால் துன்பத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்காகவே இந்நூலைத் தேடிப் படிக்கலாம். வசதியுள்ளவன் தன் துயரைச் சொல்லவும் கூசிய காலம் அது. ஒருவருடைய வசதியை இன்னொருவருடைய வசதியோடு ஒப்பிடலாம், துன்பத்தை அவ்வாறு நிறுக்க இயலாது, அது அவரவர் அளவுக்கே தைக்கப்பட்ட ஆடைபோல் வந்து பொருந்துகிறது என்ற கருத்தை ஆசிரியை படிப்படியாக நிறுவுகிறார். பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டிருந்த அந்நாட்களில், நாம் வாழும் தெருவில் இரண்டு அறைகளுக்குள் ஒன்பது பேர் அடைபட்டுக் கிடந்த வீடும் இருந்தது. பேச ஆளின்றி முதியவர் ஒருவர் தனித்திருந்த வீடும் இருந்தது. இரு வீட்டாரும் மற்றவரைக் கொடுத்துவைத்தவர் என்றே கருதினர். நியூயார்க்கைப் பற்றிய எழுத்து நம் தெருவுக்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தோம்.

எனினும் நம்மைப் பல நாள் ஆட்கொண்டது ஐந்தாம் கட்டுரையின் பின்குறிப்பே. சில பக்கங்களே உடைய அதற்கு, இகழ்ச்சியை நோய்க்கிருமியாகக் காணும் தலைப்பை இட்டிருக்கிறார். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில், கள்ள இருபது டாலர் தாளைக் கொடுத்தார் என்ற புகாரின்பேரில் பிடிக்கப்பட்ட ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்னும் கருப்பினத்தவரின் கழுத்தைக் காவலர் ஒருவர் ஒன்பது நிமிட அளவு முழங்காலால் அழுத்திக் கொன்றார். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தன் கைப்பேசியில் அதைப் படமெடுக்க, உலகமே பார்த்தது. அந்தச் செய்தியின் சூடு ஆறுமுன் எழுதப்பட்ட பக்கங்கள் இவை. அக்காவலரின் முகத்தில் வெறுப்பைக்கூட ஆசிரியை காணவில்லை. எதிரே கிடப்பவனை ஒரு பொருட்டாகவே எண்ணாத இகழ்ச்சியைக் காண்கிறார். ஊரடங்கு விதியை மீறிவிட்டு மக்களை அலட்சியமாக நோக்கிய இங்கிலாந்துப் பிரதமரின் ஆலோசகரிடம் தொடங்கி அமெரிக்கா வரை, அதை ஒரு கிருமியாகவே தொடர்ந்து காட்டுகிறார்.

அரபு இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வுவமை உடனே ஒரு வேர்ச்சொல்லை நினைவூட்டும். தொற்று என்பதற்கு அரபியில் 'அத்வா' என்பர். பகைவன் 'அதுவ்வு', அத்துமீறிய கொடுமை 'உத்வான்'. மூன்றும் ஐன், தால், வாவ் என்னும் ஒரே மூவெழுத்து வேரினின்று பிறந்தவை. எல்லை கடத்தல் அதன் அடிப்பொருள். ஆதலின் தொற்றையும் பகையையும் ஒருங்கு வைத்து நோக்கிய ஆசிரியையின் நோக்கு, அவர் அறியாத ஒரு மொழியின் நோக்கோடு ஒத்துப்போகிறது.

ஆனால் அதே இலக்கணம் உவமையின் குறையையும் காட்டிவிடுகிறது. தாவூன் என்னும் பிளேக் பீடித்தவனை அரபியர் 'மத்ஊன்' என்பர். அது இஸ்மு மஃப்ஊல், அதாவது செயலுக்கு இலக்கானவனைக் குறிக்கும் வடிவம். இகழ்ச்சிக்கோ 'இஹ்திகார்' என்று பெயர், இகழ்பவன் 'முஹ்தகிர்'. இது இஸ்மு ஃபாஇல், செய்பவனைக் குறிப்பது. சிறியது எனப் பொருள்படும் 'ஹகீர்' என்ற சொல்லோடு உறவுடையதாதலின், பிறனைச் சிறியவனாக ஆக்கிக்கொள்பவன் என்பதே அதன் பொருளாம். நோயாளி நோய்க்கு இலக்காகிறான். இகழ்பவனோ வினை செய்கிறான். இரண்டையும் ஒரே கட்டிலில் கிடத்துவது எங்ஙனம்?

ஆசிரியைக்கு இது தெரியாததன்று. இக்கிருமியின் முதல் நோயாளி நானூறு ஆண்டுகட்கு முன் அடிமைக் கப்பலில் நின்றவன் என்கிறார். கீழ்த்தளத்தில் இரத்தமும் வியர்வையுமாய்க் கிடந்தோரைப் பார்த்து, தானே உண்டாக்கிய அந்த இழிநிலையிலிருந்தே அவர்கள்பால் இகழ்ச்சியை வடித்தெடுத்தான் என்கிறார். நூலின் ஒளிமிக்க இடம் இதுவே. உவமை முறிந்துபோகும் இடமும் இதுவே. நோயைத் தானே வடித்தெடுப்பவனை எந்த மருத்துவ நூல் நோயாளி என்று கூறும்? அவன் ஆதாயம் கண்டவன். முறிவை ஆசிரியை கவனித்ததாகத் தெரியவில்லை. கிருமி உவமையையே தொடர்ந்து, இதற்கு ஒரு நாள் தடுப்பூசி கிடைக்கும் என்ற தம் பழைய நம்பிக்கை இப்போது இல்லை என்று சோர்ந்துவிடுகிறார். அச்சோர்வு உவமை தந்த சோர்வென்றே நாம் கருதுகிறோம். குற்றம் என்று பெயரிட்டிருந்தால், தடுப்பூசியை அல்ல, நீதிமன்றத்தை நினைத்திருப்பார். அக்காவலருக்கு எதிராக 2021 ஏப்ரலில் ஜூரிகள் தீர்ப்பளித்ததும் அங்கேதான்.

ஆதாயம் என்றோம், சான்று பழைய வரலாற்றிலேயே உண்டு. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு எரிக்கப்பட்டனர். பிளேக் அந்நகரை அப்போது எட்டியிருக்கவேயில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய கடன்கள் அத்தோடு தள்ளுபடியாயின. கடன்பட்டோர் எந்தக் கிருமியால் பீடிக்கப்பட்டிருந்தனர்?

நம் நாட்டில் நடந்ததையும் இந்த வெளிச்சத்தில் நோக்குவது பொருந்தும். நோய்க்கு நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ சூட்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே நெறி வகுத்து, 2020 பிப்ரவரி 11 அன்று 'கோவிட்-19' என்று பெயரும் இட்டது. அடுத்த மாதமே அமெரிக்க அதிபர் அதனைச் 'சீன வைரஸ்' என்றார். அதே மாதம் டெல்லி நிஜாமுத்தீனில் தப்லீக் ஜமாஅத்தினர் கூடியிருந்தனர். அக்கூட்டத்திலிருந்து நோய் பரவியது உண்மை. அதனை மறைப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால் தொலைக்காட்சிகள் சில அதனோடு நிற்கவில்லை. கொரோனாவோடு 'ஜிஹாத்' என்ற சொல்லை ஒட்டி வீடுதோறும் அனுப்பின. நம் மாணவர் ஒருவரின் தெருவுக்குள் பல்லாண்டு வாடிக்கையான காய்கறி வண்டிக்காரர் வர மறுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, டி.வி.யில் பார்த்தேன் என்றாராம். அவ்வண்டிக்காரரை நோயுற்றவர் என்று சொல்லலாம். ஆசிரியையின் உவமை அவருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் அத்தலைப்பை எழுதியவர், அதற்குப் படம் வரைந்தவர், குரலை உயர்த்தி வாசித்தவர் யாரும் காய்ச்சலில் பிதற்றவில்லை. சம்பளம் பெற்றுக்கொண்டு, திருத்தி அமைத்து, நேரம் பார்த்து ஒளிபரப்பினார்கள்.

2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அங்கு வழக்குத் தொடரப்பட்டிருந்த வெளிநாட்டினர் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டது; ஊடகங்களில் பெரும்பிரசாரம் நடந்ததையும் சுட்டிக்காட்டியது. இந்தியர் எழுபது பேர் மீதிருந்த பதினாறு வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளியது 2025 ஜூலையில்தான். அதற்குள் ஐந்தாண்டுகள் ஓடிவிட்டன.

கூட்டத்தால் நோய் பெருகுவதைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) தாவூனில் பெண்மக்கள் மூவரைப் பறிகொடுத்தவர். 'பத்லுல் மாஊன்' என்ற தம் நூலில் ஹிஜ்ரி 833ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைப் பதிகிறார். கெய்ரோ மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்துத் திரும்பினர். அதற்குமுன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த மரணம், அம்மாதம் முடியுமுன் ஆயிரத்தைத் தாண்டியது. இவ்வாறு கூடுவதற்கு ஆதாரமில்லை என்று இமாம் வாதிடுகிறார். கூடியோரைப் பழிக்கும் சொல்லொன்றும் அங்கில்லை, எண்ணிக்கையே பேசுகிறது. தன்னுணர்ச்சியில் ஸேடி ஸ்மித்துக்கு ஈடில்லாத உலர்ந்த நடைதான். ஆயினும் செய்தி எழுதப் புகுவோர் அப்பக்கத்தை ஒருமுறை ஓதுவது நலம்.

கடைசிக் கட்டுரையைச் சொல்லாமல் விட மனமில்லை. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தமக்குக் கற்பித்தோரைப் பட்டியலிட்டதைப் பின்பற்றி, பெற்றோர், உடன்பிறந்தோர், தோழர் என ஒவ்வொருவரிடமும் பெற்றதை ஆசிரியை வரிசைப்படுத்துகிறார். நம் மரபில் இதற்கு 'மஷ்யகா' என்று பெயர். இப்னு ஹஜரும் தம் ஆசிரியர்களுக்கு அத்தகைய பெருநூல் ஒன்று யாத்துள்ளார். தாம் பிறந்த காலமும் இடமும் தமக்குச் செய்த உதவியையும் ஸேடி ஸ்மித் அக்கடன்களுள் சேர்த்து, அதனைத் தற்செயல் என்கிறார். நம் உஸ்தாதுகள் அச்சொல்லை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருப்பார்கள். பட்டியலை அப்படியே விட்டுவைத்திருப்பார்கள்.